கடனும் உரிமையும்: பழந்தமிழ் நூல்களில் மக்கள் நிலை

இல்லறத்தைப் பற்றித் தமிழறிஞர் எழுதியன மிகப் பல. தலைவன் தலைவியர் ஒழுகலாறும், விருந்தோம்பலும், கற்பின் திறமும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அவ்வில்லத்தே பிறந்து வளரும் மக்கள் பெற்றோரிடமிருந்து பெறத்தக்கன யாவை, அவர்க்கு மீளச் செய்யத்தக்கன யாவை என்னும் வினா தனித்து ஆராயப்பட்டது குறைவே. மக்கட்பேற்றின் இன்பத்தைப் பாராட்டுவதோடு நம் கட்டுரைகள் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. பேறு என்பது பெற்றோர் பக்கம் நின்று சொல்லும் சொல்லாகும். பெறப்பட்ட மக்கள் பக்கம் நின்று நூல்களை நோக்கின் வேறு செய்திகள் புலப்படும். அங்ஙனம் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. புறநானூறு, திருக்குறள், கலித்தொகை, மணிமேகலை ஆகிய நூல்களின் சில பகுதிகள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. பொன்முடியார் கூறும் கடன்

புறநானூற்று 312-ஆம் பாட்டு ஆறே அடிகளை உடையது. வாகைத் திணையில் மூதின்முல்லைத் துறையில் அமைந்தது. பாடியவர் பொன்முடியார். இவரைப் பெண்பாற் புலவர் எனக் கொள்வது மரபு. பெற்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும், வேல் செய்து கொடுத்தல் கொல்லனுக்கும், நல்லொழுக்கம் நல்குதல் வேந்தனுக்கும், போரில் களிற்றை வீழ்த்தி மீளுதல் இளைஞனுக்கும் உரியன என்பது அப்பாட்டின் பொருள். வேந்தன் செயலைக் கூறுமிடத்தே 'தண்ணடை' என ஒரு பாடமும் உண்டு. அப்பாடத்தின்படி வேந்தன் தருவது மருத நிலமாகும்.

பாட்டு முழுதும் ஐந்துமுறை வரும் சொல் 'கடன்' என்பது. இச்சொல்லின் பொருளை நாம் பெரும்பாலும் கடமை என்று மட்டுமே கொண்டு செல்கின்றோம். கடன் என்பது ஒருவர் மற்றொருவர்க்குத் தரவேண்டியதைக் குறிக்கும் சொல்லாகவும் தமிழில் வழங்குகின்றது. தரவேண்டியவர் ஒருவர் உளரெனின் பெறவேண்டியவர் ஒருவரும் உளர். தாய்க்குக் கடன் எனின், அது யாருக்குத் தரவேண்டிய கடன்? பிறந்த மகவுக்கு என்பதன்றி வேறு விடை இல்லை. ஆதலின், பழந்தமிழில் மக்களின் உரிமையைச் சுட்டத் தனிச்சொல் வழங்கவில்லையாயினும், அதன் பொருள் பெற்றோரின் கடன் என்னும் சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

அடுத்து நோக்கத்தக்கது கடன்களின் வரிசை. பிறர் நால்வர் கடன்களும் முன்னே கூறப்பட்டு, இளையோன் கடன் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. முன்னைய நான்கும் நிறைவேறிய பின்னரே ஐந்தாவது எழும். அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஐந்தாம் கடனை உடையவனைப் பொன்முடியார் மகன் என்றோ குழவி என்றோ கூறாது 'காளை' என்றே கூறினார். காளை என்பது உடல் வலிமை நிரம்பிய பருவத்தானைக் குறிக்கும் பெயர். எனவே, சிறு மகவின்மேல் யாதொரு கடனும் இப்பாட்டில் சுமத்தப்படவில்லை. மகவு பெறுவது, காளை தருவது. இவ்வேறுபாடு தெளிந்து கொள்ளற்பாற்று. கொல்லனும் வேந்தனும் இவ்வரிசையில் இடம்பெறுதலின், மகவை ஆளாக்கும் பொறுப்பு வீட்டெல்லையோடு நில்லாது ஊரையும் அரசையும் பற்றியது என்பதும் பெறப்படும்.

இனி, இக்கருத்துக்கு ஒரு தடை எழும். இப்பாட்டு மறக்குடியைப் பாடுவது. தாய் முதலியோர் செய்யும் யாவும் போருக்கு ஓர் ஆளை உருவாக்குதற்கே பயன்படுகின்றன. அவ்வாறாயின் மகவு கடன்பெறும் உரிமையுடையதோ, அன்றி வேந்தன் போருக்கு வடிக்கப்படும் மற்றொரு வேலோ என்பது அத்தடை. இதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. தமையனையும் கணவனையும் முன்னாட் போர்களில் இழந்த தாயொருத்தி, தன் ஒரே மகனையும் தலைமயிரில் எண்ணெய் தடவிப் போர்க்களம் விடுத்த செய்தியை ஒக்கூர் மாசாத்தியார் 279-ஆம் பாட்டில் பாடியுள்ளார். அச்சிறுவன் விருப்பம் யாதென அப்பாட்டுக் கூறவில்லை. மறக்குடி மகளிரின் துணிவைப் போற்றும் நாம், அச்சிறுவனின் வாய்மூடிய நிலையையும் எண்ணுதல் வேண்டும். கடனை உரைக்கும் 312-ஆம் பாட்டும், அக்கடனால் விளையும் துயரை உணர்த்தும் 279-ஆம் பாட்டும் ஒரே தொகையில் அமைந்திருத்தலின், ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி மற்றொன்றை விடுதல் தக்கதன்று.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 160-ஆம் பாட்டும் ஈண்டு நினைக்கத்தக்கது. உணவில்லாத வீட்டில் இருக்க விரும்பாத சிறுவனும், பாலற்ற முலையும், புலி வருவதாகக் கூறி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனைத் தேற்ற முயலும் தாயும் அப்பாட்டில் காட்டப்படுகின்றனர். தந்தையாகிய புலவர் தம் கடனை ஆற்ற இயலாத நிலையில் அதனை வள்ளலிடம் கொண்டு செல்கின்றார். மகவின் பசி வீட்டின் குறையாகமட்டும் கருதப்படாமல் ஊருக்கும் உலகுக்கும் உரிய குறையாக வைக்கப்படுகின்றது. பொன்முடியார் வேந்தனையும் கொல்லனையும் வரிசையில் சேர்த்ததும் இதுவும் ஒரே நோக்கின.

2. மக்கட்பேற்று அதிகாரம்

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. பரிமேலழகர் இதனைப் 'புதல்வரைப் பெறுதல்' என்று தலைப்பிட்டார். குறட்பாக்களின் வைப்புமுறை உரையாசிரியர்தோறும் வேறுபடும். ஈண்டு யாம் கொள்வது பரிமேலழகர் வைப்பே. அவ்வைப்பின்படி 61 முதல் 70 வரையுள்ள பாக்களை நோக்கின் ஒரு வளர்ச்சி புலனாகும். 64-இல் சிறுகையால் கூழை அளாவும் மகவு. 65-இல் உடலைத் தீண்டி இன்பம் தரும் மகவு. 66-இல் மழலை பேசும் மகவு. 67-இல் அவையில் முந்தியிருக்கும் மகன். 68-இல் பெற்றோரினும் அறிவிற் சிறந்த மக்கள். 69-இல் சான்றோன் எனப்படுபவன். 70-இல் தந்தைக்கு உதவி புரிபவன். பருவம் பருவமாக வாழ்க்கை விரிகின்றது.

முதல் மூன்று பருவங்களில் மகவு செய்வது யாது? கூழைக் கையிட்டுக் கலைக்கின்றது, மேனிமேல் ஏறுகின்றது, பொருளற்ற சொற்களைக் கூறுகின்றது. பெரியோர் ஒருவர் செய்திருப்பின் இவை குற்றமாகும். மகவு செய்தலின் இன்பமாகின்றன. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டும் நெய்ச்சோற்றைத் தொட்டும் துழந்தும் மேனியிற் பூசிக்கொள்ளும் குழவியை இவ்வாறே போற்றுகின்றது. அரசனும் அறநூலாசிரியரும் ஒருபடித்தாக உரைப்பது இது: சிறுபருவத்தே மகவு மகவாக இருத்தலே போதும், அதற்குமேல் அதனிடம் வேண்டப்படுவது ஒன்றுமில்லை.

கடன் தொடங்குவது 67-ஆம் குறளில். அதுவும் மகன் கடன் அன்று. தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை. கற்றார் அவையில் முதன்மை பெறுமாறு கல்வி அளித்தலே அந்நன்மை. மகன் தந்தைக்குச் செய்யும் உதவி மூன்று பாக்கள் கழிந்து 70-இல்தான் வருகின்றது. அவ்வுதவி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் கைம்மாறு எனப் பொருள் உரைத்து, கல்வியுடையனாக்கிய தந்தைக்குச் செய்வது என்றும் விளக்கினார். இவ்விளக்கம் மிக நுட்பமானது. கைம்மாறு என்பது முன் பெற்றதற்குப் பின் தருவது. முன் பெறாதவனிடத்தே கைம்மாறு எதிர்பார்க்க இடமில்லை. பொன்முடியார் வரிசை முறையால் உணர்த்தியதைப் பரிமேலழகர் உரையால் உணர்த்தினார் என்க.

ஆயினும் பொன்முடியார்க்கும் வள்ளுவர்க்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது 'சான்றோன்' என்னும் சொல்லைப் பற்றியது. புறத்துறைப் பாடல்களில் சான்றோர் என்பது போர்வீரரைக் குறித்து வருதல் உண்டு. பதிற்றுப்பத்தின் பழைய உரைகாரரும் அவ்வாறு பொருள் கொண்ட இடம் உளது. 312-ஆம் பாட்டில் அடுத்து வேலும் களிறும் வருதலின், ஆண்டும் அப்பொருள் பொருந்துவதே. வள்ளுவரோ 67-இல் அவையையும் 68-இல் அறிவையும் கூறியபின் 69-இல் சான்றோன் என்றார். ஆதலின் ஈண்டு அச்சொல் கல்வியாலும் பண்பாலும் நிறைந்தவனையே குறிக்கும். போர்க்களத்துச் சொல்லை வள்ளுவர் அவைக்களத்துக்குக் கொண்டுவந்தார். மகவைப் படைக்கருவியாக்கும் இடர் இதனால் நீங்கியது. மேற்காட்டிய தடைக்குத் தமிழ் மரபே அளித்த விடை இது எனலாம்.

3. பொருள் என்னும் சொல்

63-ஆம் குறள் மக்களைப் பெற்றோரின் பொருள் என்று கூறுகின்றது. இதனைக் கொண்டு மக்கள் பெற்றோரின் உடைமை என்று வாதிப்பார் உளர். வீட்டில் பிள்ளையின் படிப்பையும் தொழிலையும் திருமணத்தையும் பெற்றோரே முடிபு செய்தற்கு இக்குறளைச் சான்று காட்டுதலும் உண்டு. இப்பொருள் பொருந்துமா என்று ஆராய்தல் வேண்டும்.

பரிமேலழகர், மக்கள் செய்த பொருள் அவர்கள் பெற்றோரை நோக்கிச் செய்யும் நல்வினையால் பெற்றோரை வந்தடைதலின் அவர்களைத் தம் பொருள் என்பர் என்று உரைத்தார். மக்களின் பொருள் அவரவர் வினையால் அவரவர்க்கு வரும் எனக் கொள்வாரும் உளர். இரண்டாவது கருத்தே சொல்லமைதிக்கு இயைவதென யாம் கருதுகின்றோம். 'தம்தம்' என்னும் அடுக்கு ஒவ்வொருவரையும் தனித்தனிச் சுட்டும் இயல்பினது. முதலடியில் பெற்றோர்க்கு உரியராகக் கூறப்பட்ட மக்கள், இரண்டாம் அடியில் தத்தம் வினைக்கு உரியராகத் தனித்து நிற்கின்றனர். ஓரடியில் உரிமை கூறி, மறு அடியிலேயே அதற்கு எல்லையும் வகுத்தார் வள்ளுவர். முதலடியை மட்டும் எடுத்தாளுவார் குறளின் பாதியையே எடுத்தாளுகின்றனர்.

4. மகளின் இடம்

இதுகாறும் கூறியன பெரும்பாலும் மகனைப் பற்றியன. மகள் எங்கே? இவ்வினாவே இவ்வாராய்ச்சியில் மிக இன்றியமையாதது.

61-ஆம் குறளில் வரும் 'அறிவறிந்த' என்னும் அடையைக் கொண்டு, மக்கள் என்னும் பெயர் ஈண்டுப் பெண்ணை விலக்கி நின்றது என்றார் பரிமேலழகர். 69-ஆம் குறளில் தாய் பிறர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தாள் என்பதற்கும், பெண் இயல்பால் தானே அறியாள் என்பதையே காரணமாகக் காட்டினார். உரையாசிரியருள் தலைசிறந்த ஒருவர் உரைத்தமையின் இக்கருத்துப் பல நூற்றாண்டுகள் மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டு வந்தது. அவரது நுண்மாண் நுழைபுலத்தை வணங்கியே யாம் இதனை மறுக்கின்றோம்.

மக்கள் என்பது இருபாற்கும் பொதுவான சொல். தொல்காப்பியர் உயர்திணையை வரையறுக்க எடுத்துக்கொண்டதும் இச்சொல்லே. ஆண்டுப் பெண்ணை விலக்காத சொல் ஈண்டு எங்ஙனம் விலக்கும்? மேலும் இவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஏழில் மக்கள் என்னும் பொதுச்சொல்லும், மூன்றில் மட்டுமே மகன் என்னும் ஆண்பாற்சொல்லும் வருகின்றன. ஆணையே கருதியிருப்பின் வள்ளுவர்க்கு மகன் என்னும் சொல் அரிதன்று. அறிவு பெண்ணுக்கு இயல்பன்று என்பதற்கோ சங்கத் தொகைகளே மறுப்பாகும். சான்றோனாக்கும் கடனை வகுத்துரைத்த பொன்முடியாரே பெண்பாற் புலவர் அல்லரோ?

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. மகன் என்னும் சொல் வரும் மூன்று குறள்களும் 67, 69, 70 என்பன. அவை அவை, சான்றாண்மை, கைம்மாறு என்பவற்றைக் கூறும் இடங்கள். அன்பைக் கூறுமிடத்துப் பொதுச்சொல்லும், கல்வியின் பயனை ஊர் அறியுமிடத்து ஆண்பாற்சொல்லும் ஆளப்பட்டுள்ளன. 68-ஆம் குறள் அறிவுடைமையைப் பொதுச்சொல்லாலேயே கூறுதல் ஓராற்றான் ஆறுதல் தருவது. ஆயினும் மகளின் கல்வி குறித்து வள்ளுவர் வெளிப்படக் கூறிற்றிலர் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இக்குறை எளிதன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் புறநானூற்று 183-ஆம் பாட்டில், ஒரு வயிற்றுப் பிள்ளைகளிடையேயும் கல்வியிற் சிறந்தவன்பால் அன்னையின் உள்ளம் சாயும் என்னும் கருத்தை வைத்துள்ளான். உலகியலை உள்ளவாறு உரைத்தது அது. அதனோடு மேற்கண்ட செய்தியை இணைத்துப் பார்க்க. கல்வி ஆண்மகற்கே என்று வைத்து, கல்விக்கேற்ப அன்பும் அமையும் எனின், கல்வி மறுக்கப்பட்ட மகள் அன்பிலும் ஒரு பங்கை இழக்கின்றாள். வீட்டினுள் நிகழும் அநீதிகளுள் கண்ணுக்குப் புலனாகாதது இதுவே.

அக இலக்கியத்தில் மகளின் நிலை வேறாக உள்ளது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாட்டில் (9), உடன்போகிய மகளைத் தேடிச் சென்ற செவிலிக்கு வழியிற் கண்ட அந்தணர் விடை கூறுகின்றனர். மலையிற் பிறந்த சந்தனம் மலைக்கும், கடலிற் பிறந்த முத்துக் கடலுக்கும், யாழிற் பிறந்த இசை யாழுக்கும் பயன்படா. அவ்வாறே மகளும் என்பது அவர் கூற்று. பெற்றமையாலேயே உடைமை ஆகாது என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் கூறும் இடம் பழந்தமிழில் அரிது. தொல்காப்பியரும் கொடுப்போர் இல்லாதவழியும், உடன்போகியோர்க்குக் கரணம் உண்டு என்று விதித்தார். இல்லத்தார் இசையாவிடினும் மகளின் தேர்வுக்கு இலக்கணம் இடம் அளித்தது.

ஆனால் உவமைகளை மீண்டும் நோக்குக. சந்தனம் பூசுவார்க்கும், முத்து அணிவார்க்கும், இசை பாடுவார்க்கும் பயன்படும் என்பதே அவற்றின் முடிபு. பெற்றோரின் உடைமையினின்று மகள் விடுவிக்கப்பட்டாள். விடுவித்த சொல்லே மற்றொருவர்க்குப் பயன்படும் பொருளாக அவளைக் கண்டது. ஆயினும், சிறந்தவனைத் தேர்ந்து அவன்பின் சென்றாள், அதுவே அறம் என்று அந்தணர் முடித்தலின், அவளது தேர்வு அறமாக ஏற்கப்பட்டமை தெளிவு. போதனாரின் நற்றிணைப் பாட்டில் (110) பாற்கலத்தோடு பின்தொடர்ந்த செவிலியர்க்கு அகப்படாது ஓடிய சிறுமி, மணந்தபின் வறுமையுற்றும் தந்தையின் வளமான சோற்றை நினையாது வாழ்கின்றாள். தேர்வின் பொறுப்பையும் அவளே ஏற்றுக்கொள்கின்றாள். உரிமையும் பொறுப்பும் ஓரிடத்தே நிற்றல் இங்கே காணத்தக்கது.

5. ஆபுத்திரன்

கடன் ஆற்றப்படாத மகவின் நிலை என்ன? இதற்குச் சாத்தனார் ஆபுத்திரன் வரலாற்றால் விடை தருகின்றார். கற்பு வழுவிய சாலி என்னும் பார்ப்பனி குமரியாடச் செல்லும் வழியில் ஈன்ற மகவை இரக்கமின்றித் தோட்டத்தில் விட்டுச் சென்றாள். ஓர் ஆ ஏழுநாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து மறைநூல் கற்பித்தான். பின்னர் வேள்விக்குக் கட்டப்பட்ட ஆவை அவன் இரவில் விடுவித்தான். ஊரார் அவன் பிறப்பைச் சுட்டி இகழ்ந்தனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான்.

பொன்முடியார் வகுத்த கடன்களை நினைந்து இதனைக் காண்க. பெற்றவள் புறந்தரவில்லை, அக்கடனை ஆற்றியது ஆ. ஆபுத்திரன் காளைப் பருவத்தே செய்த முதற் கைம்மாறும் ஆவினத்துக்கே ஆகின்றது. இவ்வொப்புமை தற்செயல் அன்று என்பது எம் கருத்து. கல்வி அளித்த இளம்பூதி தந்தையின் கடனைப் பெரிதும் ஆற்றினான். ஆனால் மகனின் பிறப்பு வெளிப்பட்டவுடன் அக்கடனை முறித்தான். மகவின் இடம் பிறப்பால் அமைவதோ, வளர்ப்பால் அமைவதோ என்னும் வினாவை இங்கே சாத்தனார் எழுப்புகின்றார். இருமுறை கைவிடப்பட்டவன் மதுரையில் பிச்சை ஏற்றுக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தான். அவன் கையிலேயே அமுதசுரபி சேர்ந்தது.

இதனால் மேற்கூறிய கருத்துக்கு ஒரு திருத்தம் வேண்டப்படுகின்றது. பெற்றால்தான் கைம்மாறு என்பது நீதி. பெறாதவனும் தருவான் என்பது அருள். நீதியை வேண்டுதற்கு மகவுக்கு உரிமை உண்டு. அருளை மகவிடம் வேண்டுதற்குப் பெற்றோர்க்கு உரிமை இல்லை. அது தானே வருதல் வேண்டும்.

6. பிற்கால நீதிநூல்கள்

ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நூல்களில் தாய்தந்தையரைப் போற்றுதலும் அவர் சொல் கேட்டலும் மிகுதியாக வலியுறுத்தப்படுகின்றன. இதனைக் கொண்டு, முன்னூல்கள் பெற்றோர் கடனைப் பேசின, பின்னூல்கள் பிள்ளை கடனைப் பேசின, தமிழர் நோக்கு மாறிவிட்டது என்று முடிவு கட்டுதல் விரைவுடைமையாகும். குறள் இல்வாழ்வானை நோக்கிப் பேசுவது. ஆத்திசூடி திண்ணைப் பள்ளியில் எழுத்தறியும் சிறுவனை நோக்கிப் பேசுவது. கேட்போர் வேறாதலின் கூறுவதும் வேறாயிற்று. ஒவ்வொருவர்க்கும் அவரவர் கடனையே நூல்கள் உரைத்தன.

குறை நூல்களில் இல்லை. நாம் அவற்றைப் பயிலும் முறையில் உள்ளது. பிள்ளையின் கடனைக் கூறும் நூல்களைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கின்றோம். பெற்றோரின் கடனைக் கூறும் நூலையும் பிள்ளைக்கே மனப்பாடம் செய்விக்கின்றோம். 67-ஆம் குறளைத் தேர்வுக்காக ஒப்பிக்கும் மாணவனுக்கு அதனால் ஆகும் பயன் யாது? அதனை ஓதவேண்டியவர் அவன் தந்தையன்றோ?

முடிவுரை

1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை குழந்தைகளின் உரிமைகளை உடன்படிக்கையாக வகுத்தது. இந்தியா 1992-இல் அதனை ஏற்றது. ஆறு முதல் பதினான்கு வயதுடையோர்க்குக் கட்டாயக் கல்வி வழங்கும் சட்டம் 2009-இலும், முதிய பெற்றோரைப் பேணுதலை மக்களின் கடமையாக்கிய சட்டம் 2007-இலும் இயற்றப்பட்டன. குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இலும் இந்தியா முழுமைக்கும் 2005-இலும் சட்டமாயிற்று. சட்டம் இவற்றைத் தனித்தனியே வகுத்தது. பழந்தமிழ் நூல்களோ பெற்றோர் கடனையும் மக்கள் கைம்மாற்றையும் ஒரு தொடராகக் கண்டன. அத்தொடரில் முதற்கண்ணி பெற்றோர் கையில் உள்ளது.

மேலைநாட்டுக் கருத்துக்கள் யாவும் நம் நூல்களில் முன்னரே உள்ளன என்று பெருமை பேசுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. மகளின் கல்வியை நம் நூல்கள் போதிய அளவு பேசவில்லை. சிறுவனின் விருப்பத்தை மறப்பாட்டுக் கேட்கவில்லை. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னும் எஞ்சி நிற்கும் உண்மை ஒன்றுண்டு. கடனை முன்னே வைத்துக் கைம்மாற்றைப் பின்னே வைத்தது தமிழ் மரபு. அவ்வரிசையை மாற்றிவைத்துப் பிள்ளைகளிடம் முதலில் கேட்பவர் எந்நூலையும் தமக்குச் சான்று காட்ட இயலாது. 61-ஆம், 63-ஆம் குறள்களின் உரைகளை வகுப்பறைகளில் கற்பிப்போர் இதனை உளங்கொண்டு கற்பித்தல் வேண்டும். பிள்ளைத்தமிழ் நூல்களிலும் நாட்டுப்புறத் தாலாட்டுக்களிலும் இப்பொருள் எங்ஙனம் அமைந்துள்ளது என்பது தனித்து ஆராயத்தக்கது. ஆராய்ச்சி மாணவர் அப்பணியை மேற்கொள்வாராக.